ஒரு வீட்டில் ரோஜா, இன்னொரு வீட்டில் இலை

அயர்லாந்தின் வடபகுதியில் மோனகன் வட்டாரத்தைச் சேர்ந்த சிற்றூர் க்ளோனிஸ். 1847-இல் அந்த ஊருக்குத் தாமஸ் ஹேண்ட் என்ற ஆங்கிலிகன் பாதிரியார் பொறுப்பேற்று வந்தார். உடன் வந்தவர் அவருடைய மனைவி கசாண்ட்ரா. வந்த நேரம் கொடியது. 1845-இல் தொடங்கிய கருகல் நோய் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துக்கொண்டிருந்தது. ஏழைக் குடியானவர்களுக்கு மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான் சாப்பாடு. பஞ்சம் ஓய்வதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினிக்கும், அதைத் தொடர்ந்து வந்த காய்ச்சல்களுக்கும் பலியானார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் கப்பலேறி ஊரைவிட்டுப் போனார்கள்.

நாடெங்கும் கஞ்சித் தொட்டிகள் திறந்திருந்த காலம் அது. கசாண்ட்ரா ஹேண்ட் தேடியது மறுநாளும் காசு வரக்கூடிய ஒரு வேலை. கில்டேர் பகுதியின் தார்ன்டன் என்ற இடத்தில் திருமதி ராபர்ட்ஸ் என்பவர் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்துவந்தார். அங்கே பழகிய ஆசிரியை ஒருவரை கசாண்ட்ரா க்ளோனிஸுக்கு வரவழைத்தார். சில ஆண்டுகளில் அயர்லாந்தின் குரோஷா லேஸ் தொழிலுக்கு அந்தச் சிற்றூர் ஒரு தலைநகரமாகவே ஆகிவிட்டது.

குரோஷாவை அறியாத தமிழ் வீடுகள் குறைவு. வானொலிப் பெட்டியின் மேலும், பிற்பாடு தொலைக்காட்சிப் பெட்டியின் மேலும் விரித்த வெள்ளைப் பூவிரிப்பு, தலையணை உறையின் ஓரம், டீப்பாய் நடுவில் கிடக்கும் வட்டம் எல்லாம் அதுதான். முனையில் கொக்கியுள்ள ஓர் ஊசியும் ஒரு நூல்கண்டும் போதும். இருக்கிற கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். ஒவ்வொரு பின்னலையும் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்பதால் கொக்கியில் மிஞ்சி நிற்பது ஒரே ஒரு கண்ணி. குழந்தை அழுதால் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம்; திரும்பி வந்து விட்ட இடத்திலேயே தொடரலாம். திண்டும் டஜன்கணக்கில் மரக்கட்டைகளும் ஊசிகளும் வேண்டியிருக்கும் பாபின் லேஸில் இந்த வசதி இல்லை. வெறும் தையல் ஊசியால் இழையிழையாகக் கட்டும் வெனிஸ் லேஸ் அழகில் மேலானது. ஆனால் ஒரு கழுத்துப்பட்டைக்கே மாதங்கள் ஓடிவிடும். பசித்த வீட்டால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது.

அந்தக் காலத்தில் இது மிகப் புதிய கலை. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சீமாட்டிகள் மேளம்போல் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போட்டுவந்தார்கள். கிழக்கிலிருந்து போன கைவேலை அது. நம் ஊர் ஆரி வேலையும் அதே குடும்பம். துணியை எடுத்துவிட்டு அந்தச் சங்கிலியை வெறும் காற்றில் போட ஆரம்பித்தபோது குரோஷா பிறந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1820-களில் பெனெலோபே என்ற டச்சுப் பத்திரிகை குரோஷாப் பைகள் பின்னும் முறையை அச்சிட்டது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் அது பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கிலிருந்து பஞ்சத்தில் அடிபட்டவர்களின் பிழைப்பாக மாறியது.

இந்த மாற்றத்தில் அச்சுக்கும் பங்கு உண்டு. பிரெஞ்சுப் பிரபு ஒருவருக்கும் ஐரிஷ் தாய்க்கும் பிறந்த எலியனோர் ரியேகோ டி லா பிரான்ஷார்டியேர் 1846-இல் தன் முதல் பின்னல் நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பிறகு பல பத்து நூல்கள் எழுதினார், லண்டனில் ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1851-இன் மாபெரும் கண்காட்சியில் அவருடைய வேலைகளுக்குப் பதக்கம் கிடைத்தது. ஊசியால் செய்த பழைய லேஸின் தோற்றத்தைக் கொக்கியால் கொண்டுவரும் வித்தை தன் கண்டுபிடிப்பே என்று பிற்காலத்தில் உரிமை கொண்டாடினார். தெற்கே கார்க் நகரத்தின் பிளாக்ராக் பகுதியில் உர்சுலைன் கன்னியர் மடத்தார் அதே பத்தாண்டில் குரோஷா கற்பித்துக்கொண்டிருந்தார்கள். அந்நகரிலேயே சூசன்னா மெரிடித் 1847-இல் அடிலெய்ட் பள்ளியைத் தொடங்கினார். இத்தனை பேர் ஒரே சமயத்தில் ஒரே வேலையில் இறங்கியிருக்க, ஒருவரை மட்டும் கண்டுபிடித்தவர் என்று முடிசூட்டுவது நியாயமில்லை.

ஐரிஷ் குரோஷாவின் உயிர் அதன் பூக்களில் இருக்கிறது. முழு விரிப்பை ஒரு மூலையில் ஆரம்பித்து மறுமூலையில் முடிப்பதில்லை. ரோஜா, மூவிலைச் செடி, திராட்சைக் கொத்து, முட்செடிப் பூ, பெரணி என்று வேலியோரத்தில் கண்டதையெல்லாம் தனித்தனியாகப் பின்னிக் குவிப்பார்கள்.

ரோஜா பின்னும் முறை இன்றும் மாறவில்லை. முதலில் ஒரு சின்ன வளையம். அதைச் சுற்றி ஆறு சங்கிலி வளைவுகள். ஒவ்வொரு வளைவையும் குட்டைப் பின்னல், நெட்டைப் பின்னல், மறுபடி குட்டை என்று நிரப்பினால் ஓர் இதழ். ஆறு இதழும் முடிந்ததும் அவற்றை முன்பக்கம் மடக்கிப் பிடித்துக்கொண்டு, முதுகுப்புறமாக இன்னும் நீளமான ஆறு சங்கிலிகளை ஓட்ட வேண்டும். அவற்றின்மேல் பெரிய இதழ்கள் வரும். மூன்றாம் அடுக்கு அதைவிடப் பெரிது. இலைக்கும் கொடிக்கும் ஓரம் புடைத்து நிற்க வேண்டும் என்பதால் ஒரு தடித்த நூலை உள்ளே வைத்து அதன் மேலேயே பின்னிக்கொண்டு போவார்கள். அந்த உள்நூலைச் சற்றே சுண்டி இழுத்தால் இலை வளைந்துகொள்ளும். எஃகுக் கொக்கி வாங்கக் காசில்லாதவர்கள் தையல் ஊசியின் காதை உடைத்து, மீதிப் பிளவைக் கொக்கியாக்கி, மரத்துண்டில் செருகிக்கொண்டார்கள்.

பூக்களை ஒன்றுசேர்ப்பது அடுத்த கட்டம். வரைபடம் போட்ட துணியின்மேல் அவற்றைக் குப்புற வைத்துத் தைத்து, இடைவெளிகளைச் சங்கிலி வலையால் நிரப்புவார்கள். அந்த வலையில் அங்கங்கே மணிபோல உருண்டு நிற்பது க்ளோனிஸ் முடிச்சு. சங்கிலியின் அடியிலும் மேலுமாகக் கொக்கியை மாறிமாறி ஓட்டி நூலைப் பலமுறை சுற்றி, அத்தனை சுற்றையும் ஒரே இழுப்பில் தாண்டி முடிச்சிட வேண்டும். இழுப்பு கொஞ்சம் பிசகினால் உருண்டை குலைந்துவிடும். எல்லாம் முடிந்து தையல் நூல்களை வெட்டியதும் லேஸ் துணியிலிருந்து கழன்று வரும்.

இப்படித் துண்டுதுண்டாகச் செய்ய முடிந்ததால்தான் ஓர் ஊரே சேர்ந்து இந்த வேலையைச் செய்ய முடிந்தது. ஒரு குடும்பம் ரோஜா மட்டும் பின்னும்; இன்னொரு வீட்டில் இலை மட்டும். ஒரே பூவை நாளெல்லாம் பின்னிய விரலுக்கு வேகம் வந்தது, வேகத்தால் கூலி வந்தது. தங்கள் பூவின் கணக்கை வெளியே சொல்லாமல் காத்தார்கள். அண்டைவீட்டார் உள்ளே வந்தால் வேலையை எடுத்து ஒளித்துவைப்பது க்ளோனிஸ் வட்டாரத்தில் வழக்கமாயிருந்தது. வாடகை பாக்கியை அடைத்ததும், அமெரிக்காவுக்குக் கப்பல் கட்டணம் கட்டியதும் இந்தப் பூக்காசுதான். லேஸ் வருமானத்தைக் கொண்டு கசாண்ட்ரா ஹேண்ட் கட்டிய பள்ளிக்கட்டடம் க்ளோனிஸில் இன்றும் அவர் பெயரோடு நிற்கிறது.

அதே ஏற்பாட்டுக்குள் ஒரு குறையும் ஒளிந்திருந்தது. இலை பின்னிய பெண் முழு லேஸைக் கண்ணால் பார்க்காமலேயே இருக்க முடியும். அது எந்தக் கடையில் என்ன விலைக்குப் போகிறது என்பது பூக்களை வாங்கி இணைத்து விற்றவருக்குத்தான் தெரியும். சொந்தமாக வரையும் பயிற்சியும் பலருக்குக் கிடைக்கவில்லை. பழைய மாதிரிகளைப் பார்த்துப் பார்த்தே பின்னியதில் வடிவங்கள் மழுங்கின. 1883-இல் லண்டன் மேன்ஷன் ஹவுஸில் ஐரிஷ் லேஸ் கண்காட்சி நடந்தபோது வடிவமைப்புகள் பழுதுபட்டிருப்பது வெளிப்படையாகவே பேசப்பட்டது. கார்க் கலைப்பள்ளியின் ஜேம்ஸ் பிரெனனும் லண்டனிலிருந்து வந்த ஆலன் கோலும் பள்ளிகளிலும் மடங்களிலும் வரைதல் வகுப்புகளைக் கொண்டுவந்தது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். பிறகு அபர்டீன் சீமாட்டி சந்தையைத் தேடிக்கொடுத்தார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் அமைத்த ஐரிஷ் கிராமத்தில் லேஸ் விற்பனையும் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஐரிஷ் குரோஷா மேலங்கி பணக்காரப் பெண்களின் அலமாரியில் இருந்தே ஆக வேண்டிய உடுப்பு.

வீழ்ச்சி வேகமாக வந்தது. பட்டுத்துணியில் இயந்திரத்தால் பூத்தையல் போட்டு, பின்பு ரசாயனத்தில் துணியைக் கரைத்துவிட்டால் தையல் மட்டும் லேஸாக மிஞ்சும். இந்தக் கெமிக்கல் லேஸ் 1880-களிலேயே சந்தைக்கு வந்துவிட்டது. தூரத்துப் பார்வைக்குக் குரோஷாவேதான். 1914-இல் போர் மூண்டது, உடைநாகரிகமும் மாறியது. க்ளோனிஸ் கொக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்தன.

ஆனால் வேலைமுறை சாகவில்லை. பூவை ஒரு வீட்டிலும் இணைப்பை இன்னொரு வீட்டிலும் செய்து, விலையை மூன்றாமவர் வைக்கும் அதே ஏற்பாடு கோதாவரி டெல்டாவில் நரசாபூரைச் சுற்றி வேர்பிடித்திருந்தது. அங்கே குரோஷாவைக் கொண்டுவந்தவர்கள் மக்ரே என்ற ஸ்காட்லாந்து மிஷனரிக் குடும்பத்தார் என்றும், ஆண்டு 1844 என்றும் அப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முதலில் கற்றவர்கள் மதம் மாறிய ஏழைக் கிறிஸ்தவப் பெண்கள்.

அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கும் முக்கியமானது. அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில் பிறந்த ராபர்ட் கால்டுவெல் 1844-இல் எலைசா மால்ட்டை மணந்துகொண்டார். எலைசா இடையன்குடியில் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். அது திண்டில் ஊசி குத்தி மரக்கட்டைகளை ஆட்டிப் பின்னும் பாபின் லேஸ். அந்தக் கலையை அவருடைய தாய் மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்திலேயே நாகர்கோவிலில் ஆரம்பித்திருந்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி இருந்த காலத்தில், லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் நாகர்கோவில் பள்ளியில் இருந்தார்கள். லேஸின் நீண்ட வரலாற்றில் அதற்கு நிகராக வைக்கக்கூடிய நிகழ்ச்சி வேறு இல்லை.

கோதாவரியில் கதை வேறுவிதமாகப் போனது. 1847-இல் ஆர்தர் காட்டன் தவளேஸ்வரத்தில் அணை கட்டத் தொடங்கினார். கால்வாய் நீர் பாய்ந்து டெல்டா செழித்தது. நிலத்தால் உயர்ந்த காபு சாதிக் குடும்பங்கள் வீட்டுப் பெண்களை வயலுக்கு அனுப்பாமல் இருப்பதைக் கௌரவமாகக் கருதின. படியைத் தாண்டாமல் செய்யக்கூடிய வேலையாக லேஸ் அந்த வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. வாங்கி ஏற்றுமதி செய்யும் வியாபாரிகள் உருவானார்கள். மேசை விரிப்புகளும் படுக்கை விரிப்புகளும் கடல் கடந்தன.

1970-களின் இறுதியில் ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் நரசாபூருக்கு வந்து அந்தப் பெண்களோடு பேசினார். 1982-இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் தொழிலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகக் கூர்மையானது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் தொழிலாளர்களாகவே வரவில்லை. சமையலும் மாடும் பிள்ளைகளும் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் கொக்கி ஓட்டியவர்களை வீட்டில் சும்மா இருக்கும்போது நூல் பின்னுகிறவர்கள் என்று ஏற்றுமதியாளர்கள் வர்ணித்தார்கள். கூலியை நேரத்தை வைத்து அல்ல, தீர்ந்த நூலை வைத்துக் கணக்கிட்டார்கள். மீஸ் கணக்கிட்ட சராசரி நாள் வருமானம் ஒரு ரூபாயைத் தொடவில்லை. பூ பின்னுவது ஒரு கூட்டத்தின் வேலை. அதுக்குப்பனி எனப்பட்ட இணைப்பு வேலை தனிக் கூட்டத்துக்கு. நடுவில் முகவர், அவருக்குக் கீழே இன்னொரு முகவர். தாங்கள் பின்னிய பூ எந்த நாட்டு மேசையில் விரிகிறது என்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. க்ளோனிஸில் இலை பின்னியவருக்கு நேர்ந்தது இங்கே கூலிக்கணக்காகவே நிலைபெற்றுவிட்டது.

2000-களில் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் அலங்கிருதி என்ற கூட்டமைப்பாகத் திரண்டன. நரசாபூர் அருகே லேஸ் பார்க் ஒன்று திறக்கப்பட்டது. இடைத்தரகர்களைத் தாண்டிப் பெண்களே வாங்குபவரோடு பேச வேண்டும் என்பது அதன் நோக்கம். 2024-இல் நரசாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சீனாவிலிருந்து வரும் இயந்திர லேஸ் அதே கடைகளில் குறைந்த விலைக்குக் கிடப்பதால், அசலைப் பெயரோடு பிரித்துக் காட்டும் அந்த முத்திரை மிகவும் தேவைப்பட்டது.

அசலை அடையாளம் காண முத்திரையைத் தேட வேண்டியதுகூட இல்லை. விரிப்பைத் திருப்பி, ஒரு ரோஜாவின் இதழை நகத்தால் நெம்பிப் பார்க்கலாம். கையால் பின்னியதில் முன்வரிசை இதழ்கள் தனியே எழும்பும். அடியில் பெரிய இதழின் சங்கிலி ஓடுவது தெரியும். இயந்திர லேஸில் பூ முழுவதும் ஒரே பரப்பாக ஒட்டிக்கிடக்கும். ஓரத்தில் அறுந்த இழைகள் பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும்.