பிறவிக் குறையும் நமது கடமையும்

பிறவிக் குறையை முன்வினைப் பயனென்று கூறி ஏழைத் தாயின் மீதே பழி சுமத்தினர். அறிவியல் வரலாறு அப்பழியைத் துடைத்தது. 1928இல் இந்தியா வந்த லூசி வில்ஸ் அம்மையார், பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் பேறுகால இரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதனைக் குணப்படுத்துவதை 1931இல் வெளியிட்டார். அதிலுள்ள சத்தே பின்னர் ஃபோலிக் அமிலமென அறியப்பட்டது. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைகளையும் அது பெருமளவு தடுக்குமென 1991இல் மெய்ப்பிக்கப்பட்டது.

கருவின் நரம்புக்குழல் 28 நாட்களுக்குள் மூடிவிடும். கருவுற்றதை அறியுமுன்னரே அந்நாட்கள் கழிந்துவிடுகின்றன. ஆகவே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர்ச் செங்கற்சூளைகளிலும் உழைக்கும் நம் சகோதரிகளுக்குக் கருவுறுமுன்பே அம்மாத்திரை கிடைத்தல் வேண்டும். பிறவிக் குறைகளைக் கண்டறியும் அரசுத் திட்டம் 2013 முதல் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுதல் சலுகையன்று, உரிமை. உழைக்கும் பெண்களிடம் பிறந்த இவ்வறிவை அவர்தம் வீடுகளுக்கே கொண்டுசேர்ப்பது, கல்வி பெற்ற நம் இளைஞர்களின் கடனாகும்.