குன்னூர் ஊசியும் கூடத்து நாயும்

குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரு வீட்டில் இரண்டு மாதக் கோல்டன் ரெட்ரீவர் குட்டி, குழந்தையின் கட்டிலுக்குக் கீழே சுருண்டு தூங்குகிறது என்றால் இன்று அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீலகிரியில் இந்த வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் உடனே கிடைக்கும் பதில், வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்பது. பங்களா, ரோஜாத் தோட்டம், கணப்பு அடுப்பு, அதன் முன்னால் ஒரு சீமை நாய் என்று எல்லாம் ஒரே பெட்டியில் வந்து இறங்கியதாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். இதில் பாதிதான் உண்மை. வெள்ளைக்காரன் நாயைக் கொண்டுவந்தான். ஆனால் பயமில்லாமல் குழந்தையோடு படுக்கவைக்கிற நாயை அவன் கொண்டுவரவில்லை. அப்படியொரு நாய் அவனிடமே இருக்கவில்லை. அதை உண்டாக்கியதில் பெரும்பங்கு ஒரு தடுப்பூசிக்கு உண்டு. தென்னிந்தியாவில் அந்த ஊசியின் வரலாறு இதே மலையில், சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டியர் ஆய்வகத்தில்தான் தொடங்குகிறது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் இந்த மலைமேல் ஏறினார். அடுத்த கால் நூற்றாண்டுக்குள் ஊட்டியில் வேட்டைநாய்க் கூட்டம் வந்துவிட்டது. 1840-களில் வேர்விட்ட ஊட்டி ஹன்ட், இங்கிலாந்தின் நரிவேட்டையை அப்படியே நடித்துக் காட்டியது. அங்கே செந்நிற நரி, இங்கே குள்ளநரி. மற்றபடி சிவப்புக் கோட்டு, குதிரை, கொம்பு எதுவும் மாறவில்லை. பிற்காலத்தில் கவர்னர் வென்லாக்கின் பெயரைப் பெற்ற புல்வெளிகளில் அந்த ஓட்டம் நடந்தது. விடுதலைக்குப் பின்னும் வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகள் ஹன்ட்டைக் கைவிடவில்லை. இந்த நாய்கள் கொட்டிலில் அடைபட்டுக் கிடந்தவை. ஜோடிக் கணக்கில் எண்ணப்பட்டவை. சம்பளத்துக்கு வைத்த ஆட்கள் தீனி போட்டு, வேட்டை நாளில் அவிழ்த்துவிட்டவை. துரையின் மகளுக்கு அவற்றோடு எந்த உறவும் இல்லை. கோல்டன் ரெட்ரீவரின் பூர்வீகமும் இதே வகைதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஸ்காட்லாந்து மலைப்பகுதியில், கிஸகன் என்ற எஸ்டேட்டில், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு ஆன டட்லி மார்ஜோரிபாங்க்ஸ் 1868-இல் மஞ்சள் நிற ஆண் நாயான நௌஸையும், ட்வீட் நீர் ஸ்பானியல் இனப் பெட்டையான பெல்லையும் சேர்த்தார். சுட்டு வீழ்த்திய பறவையை நீருக்குள்ளும் புதருக்குள்ளும் தேடி, பல் படாமல் கவ்விக்கொண்டு வரும் ஒரு வேலைக்காரன்தான் அவருக்குத் தேவைப்பட்டது. ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்த இனம் என்ற கட்டுக்கதை நெடுங்காலம் உலவியது; அவருடைய இனப்பெருக்கப் பதிவேடு 1952-இல் அச்சில் வந்த பிறகுதான் அடங்கியது. தனி இனமாக பிரிட்டனில் அங்கீகாரம் கிடைத்தது 1910-களின் தொடக்கத்தில். இன்றைய பெயர் நிலைத்தது 1920-இல். ஆக, நாம் குடும்ப நாயின் இலக்கணம் என்று கருதுகிற இந்த இனமும் துப்பாக்கிக்குப் பின்னால் ஓடிய நாய்தான். கூடத்துக்குள் வந்தது பிறகு.

துரைமார் வீட்டுக்குள் சிறு நாய்கள் இருந்ததில்லையா? இருந்தன. பங்களா வராந்தாவில் எடுத்த பழைய புகைப்படங்களில் டெரியரும் ஸ்பானியலும் மடியில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தச் செல்லம் எவ்வளவு துணிச்சலானது என்பதுதான் புகைப்படத்தில் தெரியாது. வெறிநோயை உண்டாக்கும் ரேபிஸ் கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஊர்ந்துபோகச் சில வாரங்கள், சில மாதங்கள் ஆகும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர்கள் அநேகமாக இல்லை. தெருவில் ஒரு வெறிநாயிடம் கடிபட்டுத் திரும்பிய செல்ல நாய்க்குள் அந்தக் கிருமி சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். லூயி பாஸ்டியர் 1885-இல் ஒன்பது வயது ஜோசப் மைஸ்டரைக் காப்பாற்றிய பிறகும், இந்தியாவில் கடிபட்ட வெள்ளைக்காரர் சிகிச்சைக்குப் பாரிசுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. சிம்லா பக்கம் கசௌலியில் 1900-இல் பாஸ்டியர் நிறுவனம் ஒன்று வந்தது. ஆனால் சென்னை ராஜதானியில் கடிபட்டவருக்குக் கசௌலி நாட்டின் மறுகோடி. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் தெற்கே வெறிநாய் கடித்து, உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். அந்தச் சாவு எழுப்பிய குரலும், கார்னகியின் எஃகுத் தொழில் கூட்டாளியான அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையும் சேர்ந்து, 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டியர் நிறுவனத்தைத் திறந்தன. அந்த நன்கொடையின் இன்னொரு பகுதியில்தான் பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதற்குமுன் அதே ராஜதானியில் எத்தனையோ ஏழைகள் நாய்க்கடியில் பேர் தெரியாமல் செத்திருக்கிறார்கள். அரசு அசைவதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாவு தேவைப்பட்டது என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

குன்னூரைத் தேர்ந்ததில் தற்செயல் இல்லை. குளிர்சாதனம் பரவாத காலத்தில் மருந்து கெடாமலிருக்க மலைக்குளிர் உதவியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் 1899-லேயே ஓடத் தொடங்கியிருந்தது. ஊட்டிக்கு அது போய்ச் சேர்ந்தது 1908-இல்தான். சமவெளியில் கடிபட்டவர் ரயிலேறி வந்து, நாள் தவறாமல் ஊசி போட்டுக்கொண்டு, பிழைத்து இறங்கினார். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய ஆட்டுமூளைத் தடுப்பூசி இந்தப் பயணத்தையும் குறைத்தது. கிருமியைக் கார்பாலிக் அமிலத்தில் கொன்று செய்த மருந்து என்பதால் அதைப் பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிந்தது. நம் பாட்டிமார் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று மிரட்டியது இதைத்தான். வலி மட்டுமல்ல, மூளைத் திசு கலந்த மருந்து என்பதால் சிலருக்குப் பக்கவாதமும் வந்தது. 2000-களின் நடுவில் இந்தியா அந்த மருந்தைக் கைவிட்டு, திசு வளர்ப்பு முறையில் தயாராகும் ஊசிக்கு முழுக்க மாறியது. இப்போது கையில் சில ஊசிகளோடு முடிந்துவிடுகிறது.

கூர்மையான வாசகர் இங்கே குறுக்கிடலாம்: குன்னூர் ஊசி மனிதனுக்குப் போட்டது, நாய்க்கு அல்ல. அப்படியிருக்க, நாய் கூடத்துக்குள் வந்ததற்கு அது எப்படிக் காரணமாகும்? நியாயமான கேள்வி. கடித்த பிறகு காப்பாற்றும் மருந்து, கடிக்கும் நாயை மாற்றிவிடாது. நாய்க்கே முன்கூட்டிப் போடும் ஊசி உலகில் 1920-களில் ஜப்பானில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்து, நூற்றாண்டின் நடுவில்தான் நம்பத்தகுந்ததாகத் தேறியது. ஆனால் பயத்தின் அளவை மாற்றியது முதல் ஊசிதான். கடி என்றால் சாவு என்று இருந்தவரை, ஒரு நாய் மேல் சந்தேகம் வந்தால் அதைச் சுடுவது ஒன்றே வழி. கடி என்றால் மருந்து என்று ஆனதும் நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்கலாம் என்ற பொறுமை சாத்தியமாயிற்று. இன்றும் அந்தப் பத்து நாள்தான் கணக்கு. முதல் ஊசி மனிதனின் அச்சத்தைக் குறைத்தது, இரண்டாவது ஊசி அந்த அச்சத்துக்கே காரணமில்லாமல் செய்தது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் குழந்தையின் கட்டிலுக்குக் கீழே இடம் காலியானது.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. தமிழனுக்கு நாயை நேசிக்க ஊசி எதற்கு? செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று, வீரனோடு அவன் நாய் கோவிவனுக்கும் பெயர் பொறித்து நிற்கிறது. கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயரால் நாய்களை அழைக்கும் மண் இது. பாசம் குறைவென்று சொன்னால் பொய்யாகும். ஆனால் கோவிவனின் பெருமை காவலின் பெருமை. கள்வரோடு நின்று பொருத பெருமை. நாட்டு நாய்க்கு நாம் கொடுத்த இடம் திண்ணை, களத்துமேடு, தொழுவத்து வாசல். எச்சில் தீட்டு என்று வைதிகம் சொன்ன காரணத்துக்கு அடியில், எச்சிலில் சாவு இருக்கக்கூடும் என்ற அனுபவ அறிவும் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

நீலகிரிக்காரர் சொல்லும் மறுப்பு வேறு: நாயை உள்ளே கொண்டுவந்தது ஊசியல்ல, சிறுத்தை. தேயிலைத் தோட்டத்தில் இரவு நாயை வெளியே விட்டால் காலையில் சங்கிலிதான் மிஞ்சும். இது உண்மை, குன்னூர், கூடலூர் வீட்டு வாசல்களில் சிறுத்தை நாயைத் தூக்கும் கண்காணிப்புக் கேமராக் காட்சிகள் ஆண்டுதோறும் வருகின்றன. ஆனால் சிறுத்தை சல்லிவன் காலத்திலும் இருந்தது. அதற்கு அன்று கிடைத்த விடை கம்பி போட்ட கொட்டில். சிறுத்தையால் சுவரின் உயரத்தை விளக்கலாம், சோபாவை விளக்க முடியாது. குளிர்தான் காரணம், அடர்ந்த ரோமமுள்ள நாய்க்கு ஊட்டி தோதான இடம் என்பதும் அரை விளக்கமே. கோல்டன் ரெட்ரீவர் சென்னை அடுக்குமாடிகளிலும் மின்விசிறிக்குக் கீழே மூச்சிரைத்துக்கொண்டு இருக்கிறது. மலையில் அதற்கு உடம்பு சுகம் கூடுதல், அவ்வளவுதான். அதற்கும் விலை உண்டு: மாதக்கணக்கில் விலகாத மூடுபனியில் தொங்குகாது ஈரம் காயாமல் புண்ணாகும், தேயிலைப் புதருக்குள் போய்வந்தால் உண்ணியும் அட்டையும் ரோமத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

குட்டி வளர்க்கும் இன்றைய முறையைப் பார்த்தாலே இந்த வரலாறு தெரியும். எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக்கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி செய்தது. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நோய்களுக்கு முதல் ஊசி. பிறகு அடுத்தடுத்த தவணைகள். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. அதே வாரங்களில்தான் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் எழுதிய நூல், குட்டி மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாம் வாரம் வரை பார்த்துப் பழகும் மனிதரையும் ஓசையையும்தான் வாழ்நாள் முழுக்கத் தனதாக ஏற்கும் என்று காட்டியது. பழகவேண்டிய காலமும் தொற்றுக்கு ஆளாகும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் காட்டு, தெருவில் இறக்காதே என்று மருத்துவர் சொல்வது இந்த இக்கட்டிலிருந்து பிறந்த சமரசம். கோல்டன் பிறவியிலேயே சாது என்று விற்பவர் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன். குணத்தில் ஒரு பங்கு ட்வீட்மவுத் பிரபுவின் பதிவேட்டிலிருந்து வருகிறது. மறு பங்கு அந்தப் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலம் குட்டிக்கு எப்படிக் கழிந்தது என்பதிலிருந்து.

இந்தப் பாதுகாப்பு பங்களா கேட்டோடு நிற்காது என்பதுதான் சிக்கல். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளைச் சுற்றி வளரும் நாய்களுக்கு ஊட்டியின் மே மாத நாய்க் கண்காட்சியில் இடமில்லை; ஆனால் கோல்டன் குட்டி மூக்கை நீட்டும் வேலியின் மறுபக்கம் அவைதான் நிற்கின்றன. ஒரு வட்டாரத்து நாய்களில் பத்தில் ஏழுக்கு ஊசி போட்டால்தான் ரேபிஸ் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்ற கணக்கு. ஊட்டியில் வேர்ல்டுவைட் வெட்டரினரி சர்வீஸ் நடத்தும் பயிற்சி மையம் கால்நடை மருத்துவர்களுக்குத் தெருநாய்க் கருத்தடை கற்றுக்கொடுப்பது இதோடு சேர்ந்த வேலை. ஏனெனில் போன வருடம் ஊசி போட்ட நாய்களில் ஒரு பகுதி இறந்தோ சிறுத்தைக்கு இரையாகியோ போயிருக்கும். இந்த வருடம் பிறந்த குட்டிகளோ ஊசி பார்க்காதவை. எனவே சரிவு சரிவாக ஏறி இறங்கி எடுத்த எழுபது சதவீதம் ஒவ்வொரு ஆண்டும் தானாகவே கரைந்துவிடுகிறது. அதை முதலிலிருந்து மறுபடி எட்டவேண்டும்.