1366: திரைத்துல்லியத்தில் ஒரு பாடபேதம்

லேப்டாப்பைத் தொலைக்காட்சியோடு இணைத்தால் படத்தின் துல்லியம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடுவதுண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் கணினியின் ஆற்றல் அன்று. தொலைக்காட்சி தன்னைப் பற்றிக் கணினிக்கு அளிக்கும் குறிப்பே. இ.டி.ஐ.டி. எனப்படும் இக்குறிப்பின் வடிவத்தைத் திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்பு 1994-இல் வெளியிட்டது. கல்வெட்டுகளில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியைப் போலவே இதற்கும் மாறாத தொடக்கம் உண்டு: ஒரு சுழி, ஆறு 255கள், மறுபடி ஒரு சுழி. தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, ஏற்கும் அளவுகள் ஆகியவை பின்னர் வரும். அடிப்படைத் தொகுதி மொத்தம் 128 எண்கள். கேபிள் செருகப்பட்டதும் கணினி முதலில் படிப்பது இதைத்தான்.

படத்தின் துல்லியம் முன்பு கிடைக்கோடுகளின் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. தொலைக்காட்சியின் அக்கோடுகளை முடிவு செய்ததில் அரசியலுக்கும் பங்குண்டு. பிரான்சு 1948-இல் 819 கோட்டு முறையை ஏற்றது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு இணைந்தபோது பிரான்சில் அம்முறை வழக்கில் இருந்தது. இந்தியத் தொலைக்காட்சியோ 1959-இல் தில்லியில் 625 கோடுகளோடு தொடங்கியது. சென்னை நிலையம் 1975-இல் வந்தது. பிரான்சின் வண்ணமுறை செகாம், இந்தியாவினது பால். ஆகவே புதுச்சேரியின் வீடுகளுக்கு வந்த படம், பிரெஞ்சு ஆட்சியின் எச்சம் ஏதுமின்றி, இந்திய முறையிலேயே வந்தது. அந்த 625-இல் படம் தாங்கியவை 576 மட்டுமே. அண்டைத் தமிழ்நாட்டில் 2006 முதல் அரசு வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியையும், 2011 முதல் வழங்கிய மாணவர் லேப்டாப்பையும் இணைத்துப் பார்த்தால் இந்த எல்லை விளங்கும்: இடையில் மாற்றுப் பெட்டி ஒன்றை வைத்தாலும் 576 கோடுகளுக்குள் கணினியின் சிறிய எழுத்துகள் கலங்கியே தெரியும்.

தட்டைத் திரைகளோடு வந்த 1366×768 என்ற அளவிலிருந்துதான் இன்றைய சிக்கல் தொடங்குகிறது. இந்த விசித்திர எண்ணுக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் நினைவகம் சார்ந்தது: புள்ளிக்கு ஒரு பைட் வீதம் ஒரு மெகாபைட்டில் அடங்கும் மிகப் பெரிய அகலத்திரை இதுவே என்பது. கேட்பதற்கு அழகான இவ்விளக்கத்தைப் பெருக்கல் கணக்கு ஆதரிக்கவில்லை. ஒரு மெகாபைட் 1,048,576. 1366-ஐ 768-ஆல் பெருக்கினால் 1,049,088. அதாவது 512 மிகை. 1365 எனக் கொண்டிருந்தால் 1,048,320 என அடங்கி, 256 மீதமும் இருந்திருக்கும். அடக்குவதுதான் நோக்கமென்றால், ஒரே ஒரு நிரையைக் குறைக்காமல் கொள்ளளவைத் தாண்டியதற்கு விடை இல்லை. மேலும், இத்திரைகள் பரவிய காலத்தில் முழு வண்ணத்துக்குப் புள்ளிக்கு மூன்று பைட் தேவைப்பட்டது. ஒரு மெகாபைட் என்பது யாரையும் கட்டுப்படுத்திய வரம்பன்று.

768 என்ற உயரத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1024×768 என்பது 1987-இல் ஐ.பி.எம். வெளியிட்ட 8514 அட்டையிலிருந்தே கணினித் திரைகளில் வேரூன்றிய அளவு. அதன் உயரத்தை வைத்துக்கொண்டு 16:9 விகிதத்துக்கு அகலத்தை நீட்டினால் 1365.33 கிடைக்கும். 42 அங்குல பிளாஸ்மாத் திரைகள் பல, அதே 1024×768-ஐ வைத்துப் புள்ளிகளையே அகலமாக்கி 16:9-ஐ எட்டின. உயரம்தான் நிலைபெற்றிருந்தது என்பதற்கு இது சான்று. சில 50 அங்குல பிளாஸ்மாக்களின் விவரத்தாளில் 1365×768 என்றும் உண்டு. 1365, 1366 ஆகிய இரண்டு பாடங்களும் 1365.33 என்ற ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. விகித விளக்கம் இரண்டுக்கும் பொருந்துகிறது, நினைவக விளக்கம் ஒன்றுக்கே பொருந்துகிறது. 1366 முதலில் தோன்றிய ஆண்டை மட்டும், 1990களின் இறுதிக்கும் 2005-க்கும் இடைப்பட்டது என்பதற்கு மேல் குறுக்குவது கடினம்.

இந்த எண் ஏன் தொல்லை தந்தது என்பதை இ.டி.ஐ.டி.யின் சிறு பகுதி ஒன்று காட்டுகிறது. சுழியிலிருந்து எண்ணினால் 38 முதல் 53 வரையுள்ள இடங்களில் எட்டு அளவுகளை, அளவுக்கு இரண்டு எண்ணாகப் பொறிக்கலாம். முதல் எண்ணோடு 31 கூட்டி எட்டால் பெருக்கினால் அகலம். 139 என்றால் 1360. 140 என்றால் 1368. 1366-ஐப் பொறிக்க 139.75 வேண்டும், பின்னத்துக்கு அங்கே இடமில்லை. எட்டால் பெருக்கும் இவ்வழக்கம், எழுத்துக்கு எட்டுப் புள்ளி என்று எண்ணிப் பழகிய கணினி மரபின் தடம். உயரமோ பொறிக்கப்படுவதே இல்லை, விகிதத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. 16:9 விகிதத்தில் 1360-க்கு 765, 1368-க்குப் பின்னம் தள்ளி 769. இப்படி எந்தத் திரையிலும் இல்லாத 1360×765, 1368×769 என்ற இரண்டு பிழைபாடங்கள் தோன்றின. லினக்ஸ் கருநிரலில் இவற்றுக்கென்றே ஒரு திருத்தம் உள்ளது: 60 ஹெர்ட்ஸில் இவற்றுள் எது தென்பட்டாலும் 1366×768 என்றே கொள்ளவேண்டும் என்கிறது. ஏடு எழுதினவரின் பிழையைப் பதிப்பாசிரியர் அறிந்து திருத்துவதற்கு ஒப்பான இச்செயல், பிழை பல தொலைக்காட்சிகளில் இருந்தது என்பதை எந்த ஆவணத்தையும்விட உறுதியாகச் சொல்கிறது. விரிவான அளவுகளுக்கான 18 எண் பகுதியில் 1366-ஐப் பிழையின்றி எழுதலாம். அப்படி எழுதாத திரையில்தான் லேப்டாப் 1360×768-ஓடு நின்று, ஓரங்களில் மும்மூன்று நிரைகளைக் காலியாக விடுகிறது அல்லது படத்தை இழுத்து நிரப்புகிறது.

எச்.டி.எம்.ஐ. 2002-இல் வந்தபோது மற்றொரு மரபு சேர்ந்தது. தொலைக்காட்சித் துறையின் அளவுப் பட்டியலில் 1280×720, 1920×1080 உண்டு, 1366×768 இல்லை. 2005-இல் ஐரோப்பாவில் வகுத்த ‘எச்.டி. ரெடி’ முத்திரையும் 720, 1080 கோட்டுப் படங்களை ஏற்பதையே கோரியது. ஆகையால் 1366 திரை பல வேளைகளில் தன் சொந்த அளவை அறிவிக்காமல், 720-ஐப் பெருக்கியோ 1080-ஐச் சுருக்கியோ காட்டுகிறது, எழுத்துகள் மங்குகின்றன. படக்குழாய்க் காலத்து வழக்கப்படி ஓரங்களும் வெட்டப்படும். படஅளவு அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்பதைத் தேர்ந்தாலும், அந்த உள்ளீட்டுக்கு ‘பிசி’ என்று பெயரிட்டாலும் பெரும்பாலும் வெட்டு நீங்கும்.

துல்லியம் குறைந்தால் கேபிளைப் பழிப்பதிலும் ஓரளவு நியாயம் உண்டு. வி.ஜி.ஏ.வில் 12, 15-ஆம் ஊசிகளும் எச்.டி.எம்.ஐ.யில் 15, 16-ஆம் முனைகளும் இ.டி.ஐ.டி.யைக் கடத்துகின்றன. படம் செல்லும் வழிகள் வேறு. எனவே படம் தெரிந்துகொண்டே குறிப்பு மட்டும் அறுந்துபோகலாம். அப்போது கணினி 1024×768 போன்ற பாதுகாப்பான அளவுக்கு இறங்கும். புதுச்சேரியில் மாசிமகத் தீர்த்தவாரி நடக்கும் வைத்திக்குப்பம் போன்ற கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். முனைகளைத் துடைத்துச் செருகியதும் முழு அளவு திரும்பினால், சரியானது படத்தின் வழியன்று, குறிப்பின் வழி.

4கே திரைகளில் இதே கதை வேகக் கணக்காகிறது. 2009-இன் எச்.டி.எம்.ஐ. 1.4, 3840×2160-ஐ நொடிக்கு 30 படங்களோடு நிறுத்தியது. 60 படங்களுக்கு 2013-இன் 2.0 தேவைப்பட்டது. லேப்டாப்பும் கேபிளும் 2.0-க்கு ஏற்றவையாக இருந்தும் 30-ஐத் தாண்டாவிட்டால், தொலைக்காட்சியின் உள்ளீட்டு அமைப்பைப் பார்க்கவேண்டும். பழைய கருவிகளோடு ஒத்துப்போகும்பொருட்டுப் பல தொலைக்காட்சிகள் குறைந்த இ.டி.ஐ.டி.யையே முதலில் அறிவிக்கின்றன, ‘அல்ட்ரா எச்.டி. டீப் கலர்’, ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்று நிறுவனத்துக்கொரு பெயருடைய தெரிவை இயக்கினால்தான் முழுக் குறிப்பும் கணினிக்குக் கிடைக்கும்.