மீசையுள்ள அன்னை

குசராத்து மண்ணில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஞாயிறுதோறும் காலையில் ஒரு சிறு போராட்டம் நிகழ்கின்றது. தமிழ் வகுப்புக்குப் புறப்படுமாறு தாய் அழைப்பாள்; பிள்ளை தலைவலி என்று படுத்துக்கொள்ளும். தாய்மொழிப் பற்றில்லாத தலைமுறை என்று நாம் நொந்துகொள்கிறோம். குறை பிள்ளைகளிடம் உள்ளதா, நாம் கற்பிக்கும் முறையில் உள்ளதா என்று ஆராயப் புகுந்தால், விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இதே மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அவ்வினாவை எழுப்பி விடையும் கண்டவர் கிஜுபாய் பதேகா.

1885ஆம் ஆண்டில் பிறந்த கிஜுபாய் தொழிலால் வழக்கறிஞர். 1913இல் மகன் பிறந்தபோது, இவனை எங்ஙனம் வளர்ப்பது என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டது. அந்நாளைய பள்ளிகளில் ஆட்சி புரிந்தவை பிரம்பும் அச்சமுமே. மாற்று வழி தேடிய அவருக்கு இத்தாலி நாட்டு மாண்டிசோரி அம்மையாரின் நூல் கைவிளக்காயிற்று. 1916இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, பவநகரில் நானாபாய் பட் நிறுவியிருந்த தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920இல் அங்கே 'பால மந்திர்' என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார்.

அயல்நாட்டு முறையை அவர் அப்படியே பெயர்த்து நட்டாரல்லர். இளங்குழந்தைகளுக்குக் கற்பனைக் கதைகள் கூறுவதை மாண்டிசோரி அம்மையார் அவ்வளவாக விரும்பவில்லை. கிஜுபாயோ நாட்டுப்புறக் கதையையும் பாட்டையும் நாடகத்தையும் விளையாட்டையும் கல்வியின் தலைவாயிலாகவே கொண்டார். குழந்தைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்ட மக்கள் 'மீசையுள்ள அன்னை' என்று அவரை அன்புடன் அழைத்தனர்.

அவருடைய 'திவாஸ்வப்னம்', அதாவது 'பகற்கனவு', கதை வடிவில் அமைந்த கல்வி நூல். அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டுக் காலம் தம் விருப்பப்படி நடத்த இசைவு பெறுகிறார். முதல் நாள் அமைதி காக்கும் பயிற்சி தருகிறார். பிள்ளைகள் கூச்சலிட்டு எள்ளி நகையாடுகின்றனர். மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பே அடங்கி ஒடுங்கி அமர்கின்றது. மணி அடித்தும் எழுந்து செல்ல மனமில்லை! கதைமேல் எழுந்த ஆவல் நூல்மேல் தாவுகின்றது. வகுப்பிலேயே ஒரு சிறு நூலகம் உருவாகின்றது. கதை இங்கே பாடம் முடித்தமைக்குத் தரும் கூலியன்று. பாடத்துக்கு முன்னரே ஆசிரியனையும் மாணவனையும் பிணைக்கும் நம்பிக்கை. கிஜுபாய் உணர்த்திய உண்மை இதுவே.

இதன் பயன் எழுத்தறிவோடு நின்றுவிடவில்லை. கூடி விளையாடும் பிள்ளைகள் முறை காத்து நிற்கவும், தோற்றவனை எள்ளாதிருக்கவும் கற்கின்றனர். 1923இல் பவநகர் வந்து கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக், பின்னாளில் மராட்டியத்தின் கோஸ்பாடில் வார்லிப் பழங்குடியினரிடையே தொண்டு புரிந்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வாராமை கண்டு, பள்ளியையே அவர்தம் வீட்டு முற்றத்துக்கும் மாடு மேய்க்கும் வெளிக்கும் கொண்டு சென்றார். இன்று நாடெங்கும் வழங்கும் 'அங்கன்வாடி' என்னும் பெயர் அம்முற்றத்தையே குறிக்கும்.

கிஜுபாய் 1939இல், ஐம்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் வாழ்ந்த மாநிலத்தில் வாழும் நாம் நம் பிள்ளைகளுக்குத் தமிழை எவ்வாறு தருகிறோம்? இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளின் அட்டவணையாகத் தருகிறோம். பிழை செய்தால் பத்து முறை எழுதப் பணிக்கிறோம். நம் பாட்டியர் அம்மொழியை அவ்வாறா நமக்குத் தந்தனர்? நிலாச்சோற்றோடு கதையாகவும், பல்லாங்குழிச் சோழியோடு எண்ணிக்கையாகவும், விடுகதையோடு நகைப்பாகவும் அன்றோ தந்தனர்!

ஆதலின் நம் ஞாயிறு வகுப்பின் முதல் அரைமணி கதைக்கே உரியதாகட்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியரும் தாத்தாக்களும் அவ்வகுப்பின் ஆசிரியராகட்டும். எழுத்தும் இலக்கணமும் பின்னர் வரும். கதையின் முடிவை அறிய நம் பிள்ளை என்று தானாகவே ஒரு தமிழ் நூலைக் கையில் எடுக்கின்றதோ, அன்று தலைவலியும் தீரும். நம் கவலையும் தீரும்.