உறைந்த மை

ஊற்றுப்பேனாவின் வரலாறு நெடுகிலும் மை அடைப்பு கூடவே வந்திருக்கிறது. 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற பேனாவின் நாக்கில் நுண்ணிய பள்ளங்கள் இருந்தன. மையைச் சீராக இறக்கிய அதே பள்ளங்களில்தான் காய்ந்த மையும் படிந்தது.

அக்காலத்தில் பரவலாக இருந்தது மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த மை. காற்றுப் பட்டால் அது கறுத்து, நீரில் கரையாத படிவாகும். அதன் அமிலம் எஃகு முள்ளை அரிக்கும். தங்க முள் மதிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1931இல் பார்க்கர் நிறுவனம் கொண்டுவந்த குவிங்க் மை, எழுதும்போதே பேனாவைக் கழுவும் கரைப்பானோடு விற்பனைக்கு வந்தது. துணிச்சலான யோசனைதான்.

1941இல் வந்த பார்க்கர் 51 அழகிலும் உழைப்பிலும் ஈடற்ற பேனா. ஆனால் மூடிய முள்ளுக்குப் பின்னால் மை தேக்கும் மெல்லிய அடுக்குகள் இருந்ததால், அங்கே உறைந்த மை கண்ணில் படாது. அதற்கென்றே செய்த காரம் மிகுந்த, விரைவில் உலரும் மைகள் பேனாவின் உட்பாகங்களையே கெடுத்தன. பிறகு அவை கைவிடப்பட்டன.

பழுதுபார்ப்போர் கண்ட வழி பொறுமையானது: குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி உறிஞ்சி வெளியேற்றுவது. அசையாத சாய மைக்கு நீரில் சில துளி அம்மோனியா. பேனாவின் உடல் கெட்டி ரப்பரான எபோனைட்டாக இருந்தால், வெந்நீர் அதை நிறம் மங்கச் செய்யும். பழைய பிளாஸ்டிக்கான செல்லுலாய்டாக இருந்தால், ஆல்கஹால் அதைக் கரைக்கும். பின்னாளில் மீயொலித் தொட்டி வந்து அடுக்குகளின் இடுக்கு வரை எட்டியது.