நீரில் நின்ற மரங்கள்: டொராண்டோவின் பெயரும் நிலமும்

கனடாவின் டொராண்டோ என்றவுடன் நம்மவர் பலருக்கு 553 மீட்டர் உயரமுள்ள சிஎன் கோபுரமும், 1983க்குப் பின் ஈழத்திலிருந்து சென்றோர் ஸ்கார்பரோவில் நடத்தும் கடைகளுமே நினைவுக்கு வரும். எனக்கோ அந்நகரின் பெயரும் பள்ளத்தாக்குகளும்தாம் வியப்பூட்டுகின்றன.

‘நீரில் மரங்கள் நிற்கும் இடம்’ எனப் பொருள்படும் மோகாக் மொழிச் சொல்லே டொராண்டோ ஆயிற்று என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. அச்சொல் முதலில் சுட்டிய இடமோ ஒண்டாரியோ ஏரிக்கரையில் இல்லை. வடக்கே நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சிம்கோ ஏரியும் கூச்சிசிங் ஏரியும் இணையும் குறுகிய நீர்வழியில் உள்ளது. மீன்களை மறிக்கப் பூர்வகுடியினர் அங்கே நீரில் கழிகளை நட்டிருந்தனர். ஹம்பர் ஆற்றை ஒட்டிய நடைபாதை வழியே பெயர் தெற்கே வந்து சேர்ந்தது.

நிலம் கைமாறிய கதை அத்துணை அழகானதன்று. 1787இல் மிசிசாகா மக்களிடமிருந்து பிரிட்டிஷார் ‘வாங்கிய’ நிலத்தின் பத்திரம் வெற்றுத்தாளாக இருந்தது! 1805இல் பத்துச் சில்லிங்கிற்கு மறுபத்திரம் எழுதினர். இதற்கு இடையில், 1793இல் சிம்கோ என்னும் ஆளுநர் யார்க் என்ற பெயரில் ஊரையும் நிறுவிவிட்டார். 1834இல்தான் பழைய பெயர் திரும்பியது. மிசிசாகா மக்களுக்கு இழப்பீடாக 14 கோடியே 50 இலட்சம் கனடிய டாலர் வழங்க முடிவானது 2010இல்.

இனிப் பள்ளத்தாக்குகள். பனிப்பாறைகள் உருகியபின் ஹம்பர், டான், ரூஜ் ஆறுகளும் ஓடைகளும் மண்ணை ஆழமாக அரித்தன. நேர்கோட்டுச் சாலைகளுக்கிடையே காடு மறைந்து கிடக்கிறது. மக்கள் அதன் வெள்ளச்சமவெளியிலும் வீடு கட்டினர். 1954 அக்டோபர் 15 இரவு ஹேசல் புயல் வந்தது. ஒண்டாரியோவில் 81 பேர் மாண்டனர். ஹம்பர் கரையின் ரேமோர் டிரைவ் என்னும் ஒரே தெருவில் மட்டும் 35 பேர். (1971 சனவரியில் கோலாலம்பூர் மூழ்கியதைக் கண்ட நம் மூத்தோர்க்கு ஆற்றின் சீற்றத்தை விளக்கத் தேவையில்லை.)

அதன்பின் செய்ததைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். ஆற்றோர நிலங்களை அரசுத் தரப்பு கையகப்படுத்தி, அங்கே வீடு கட்டுவதைத் தடுத்தது. பாதிப்பேர் அளவுக்கு வெளிநாட்டில் பிறந்தோர் வாழும் அம்மாநகரில், இன்று பல மொழி பேசுவோரும் கட்டணமின்றி நடந்து உலவும் பசுமைவெளிகள் பல இவ்வாறு வந்தவையே. ரேமோர் டிரைவில் அடித்துச் செல்லப்பட்ட வீடுகள் இருந்த இடமும் இப்போது பூங்காதான்.