முகமனும் முறையும்

இளைஞர் இருவர் எதிர்ப்படும்போது முதலில் எழும் சொல்லைப் பெரியோர் பெரிதாக எண்ணுவதில்லை. வழியில் உதிர்ந்து மறையும் சொல்லாகவே அது கருதப்படுகிறது. ஆயினும் தமிழகத்தில் அச்சொல்லின் பொருட்டு ஒரு நூற்றாண்டுப் பூசல் நிகழ்ந்துள்ளது.

'வணக்கம்' வளைதலைக் குறித்த சொல். யாழின் வளைந்த கோட்டுக்குச் சங்கப் புலவர் அடையாக்கிய 'வணர்' என்பதும் இதற்கு உறவே. கூடாநட்பு அதிகாரத்தில், 827ஆம் குறளில், பகைவர் சொல்லின் வளைவை நம்பலாகாது என்பதற்கு வள்ளுவர் வில்லின் வளைவைச் சான்று காட்டுகிறார். வில் வளைவது தீங்கு செய்யவே. முகமனை இத்துணை ஐயத்தோடு நோக்கிய புலவர் வேறொருவர் உளரோ!

ஊர் வழக்கில் இவ்வளைவு ஒருபக்கமாகவே இருந்தது. பண்ணையாள் தோள்துண்டை இடுக்கிக்கொண்டு 'கும்பிடுறேன் சாமி' என்பான். நிலக்கிழார் தலையசைத்தாலே மிகுதி. 'நமஸ்காரம்' செய்த இளையவருக்குக் கிடைத்ததும் ஆசிதான். அதே சொல் திரும்பி வாராது. யார் முதலிற் சொல்வது, யார் எதைச் சொல்லி ஏற்பது என்பதிலேயே சாதியும் வயதும் தத்தம் இடத்தை உறுதி செய்துகொண்டன.

மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடசொற்களை விலக்க முனைந்தது. சோவியத் நாட்டுப் பயணம் முடித்து 1932இல் திரும்பிய பெரியார், பெயர்முன் வரும் மதிப்படைகளை விடுத்துத் 'தோழர்' என்றே விளிக்க வேண்டினார். குடந்தை அரசினர் கல்லூரி விடுதியில் பார்ப்பனருக்கும் ஏனையோருக்கும் தனித்தனித் தண்ணீர்ப்பானை வைத்திருந்த நிலையில், 1943இல் அங்கே திராவிட மாணவர் கழகம் தோன்றியது. அத்தலைமுறை மாணவர் நாவில் 'வணக்கம்' புதுப்பொருள் பெற்றது. சொன்னவருக்கு அதே சொல் திரும்பக் கிடைத்தது. வளைவைக் குறித்த சொல்லே நிமிர்ந்து நிற்பவர் இருவரின் சொல்லாயிற்று. வடமொழி நீங்கியதைக் காட்டிலும் இந்த மாற்றமே பெரிது எனத் தோன்றுகிறது.

பின்வந்த இளைஞருக்கோ 'வணக்கம்' மேடைச்சொல்லாகிவிட்டது. தமக்குள் அவர்கள் 'ஹாய்' என்றனர். அதனினும் மிகுதியாக 'மச்சான்', 'மச்சி', 'மாப்ளே' என்றனர். 2020ஐ ஒட்டிக் கைப்பேசிக் காணொளிகளில் பரவிய 'வணக்கம்டா மாப்ளே' என்னும் நகைத்தொடர் இரு காலத்தையும் ஒன்றாய் முடிந்தது.

இவ்விளிகளைக் கொச்சை என்று தள்ளுவது எளிது. ஆனால் மச்சான் என்பவன் யார்? மனைவியின் உடன்பிறந்தான், அக்காளை மணந்தவன், மாமன் மகன். நண்பனைப் 'பங்காளி' என்றால் ஒரே குடியிற் பிறந்தவன் எனப் பொருள்படும். அவன் வீட்டில் பெண் கொள்ள இயலாது. 'மச்சான்' என்றால் அவன் வீட்டோடு கொள்வினை கொடுப்பினை உண்டு என்பதே முறை. கல்லூரி விடுதியில் பல சாதியாரும் ஒரே அறையில் உறங்கி எழுந்து, ஒருவரையொருவர் இம்முறையால் அழைக்கின்றனர். ஊரில் எந்தப் பெரியவரும் ஒப்பாத உறவை ஒரு விளி நாள்தோறும் கூறிக்கொண்டிருக்கிறது. சொல்பவர் அறிந்து சொல்கின்றனரா என்றால், பெரும்பாலும் இல்லை.

கடல் கடந்தும் இச்சொல் சென்றுள்ளது. தமிழிலிருந்து பெற்ற 'மச்சங்' என்னும் வடிவால் சிங்கள இளைஞர் தம் நண்பரை அழைப்பர். 1983 முதல் 2009 வரை நீண்ட போரிலும் இரு மொழியிலும் அது வழங்கியே வந்தது.

விளி ஒப்பியதை வாழ்வில் ஒருவர் செய்துகாட்டினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்தில், சாதி கடந்த ஒரு திருமணத்தை அடுத்து, நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. அந்த மாவட்டத்து இளைஞரும் தம் நண்பரை 'மச்சான்' என்றே அழைத்துவந்தனர்.